காப்புக்கு விட்டுப்போன சட்டை

என் புருஷன் என்னை ஏமாற்றினான் என்று ஊரில் ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். காப்புக் கட்டிய எட்டு நாளும் அவன் ஊர் எல்லையைத் தாண்டவில்லை, என் வீட்டுப் பாயில்தான் படுத்திருந்தான் என்று முனியப்பன் பூசாரி சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்வார். என் அம்மா கண்ணம்மாள் அதற்கும் மேலே போய், அந்த எட்டு நாளில் கடைசி நாலு நாள்தான் மாப்பிள்ளை மாப்பிள்ளை மாதிரி இருந்தான் என்பாள். எனக்கு எரிகிறதே அந்த நாலு நாளை நினைத்துத்தான்.

அவன் எங்கள் ஊர்க்காரன் இல்லை. இந்தப் பூமிக்காரனே இல்லை. அது என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

திண்டுக்கல் பக்கம் ஆத்தூருக்குத் தெற்கே எங்களுக்கு முக்கால் ஏக்கர் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடிகாலையில் பூப் பறிக்கப் போனேன். வரப்பில் ஒருத்தன் சுருண்டு கிடந்தான். குடிகாரன் என்று நினைத்து, முகத்தில் தெளிக்கக் குடத்தைத் தூக்கினேன். "தண்ணி வேணாம்" என்றான். அதுதான் அவனுடைய முதல் பேச்சு. மூன்று நாளாகச் செடி மறைவிலேயே கிடந்து, பூப் பறிக்கிற பெண்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எங்கள் பேச்சைக் கற்றிருந்தான். அவனுடைய சொந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை. சுருண்டு கிடந்தவன்தானே என்று சுருளிவேல் ஆக்கிவிட்டேன்.

பத்தாம் நாள் உண்மையைச் சொன்னான். நம்பாமல் திட்டினேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினான். ஒரு ரேகை இல்லை, கழுவிவைத்த தட்டு மாதிரி வழுவழுவென்று இருந்தது. அடுத்த வாரம் பார்த்தால் ரேகை ஓடியிருந்தது. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று என் கையைப் பக்கத்தில் வைத்தேன். கோடு பிசகாமல் என் ரேகை.

"எப்படி இருக்கணும்னு தெரியல மேகலா. பக்கத்துல இருந்தது உன் கைதான். அதைப் பாத்து வளத்துக்கிட்டேன்" என்றான்.

அன்றைக்கு விழுந்தவள்தான் நான். முப்பத்தாறு வயது வரை எந்த ஜாதகமும் ஒத்துவரவில்லை என்று வந்தவனெல்லாம் திரும்பிப் போனான். இவன் என் ரேகையையே கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். எனக்கு வேறு என்ன பொருத்தம் வேண்டும்?

ஒடிசாப் பக்கம், வேலை தேடி வந்தவன், அப்பா அம்மா இல்லை என்று ஊரில் சொன்னேன். நாலு மாதம் என்னைப் பற்றியே பேசித் தீர்த்துவிட்டு ஊர் ஓய்ந்தது. தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டோம்.

அவன் உடம்பு அவனுடையது இல்லை. "நீ சட்டை போடற மாதிரி நான் இதைப் போட்டிருக்கேன். நானா கழட்டலாம், போட்டுக்கலாம். முழுசா தண்ணில முங்கினா மட்டும் கரைஞ்சு போயிரும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டான். அதனால் அவனுக்குக் குளியல் கிடையாது. ஈரத்துணியால் நான்தான் துடைத்துவிடுவேன். கிணற்று மேட்டுப் பக்கம் வந்தால் நாலு அடி தள்ளியே நிற்பான். கல் உப்பு என்றால் உயிர். மத்தியானம் மாங்காய்க்கு வைத்திருக்கும் உப்பை என் உள்ளங்கையிலிருந்து நக்குவான், இரண்டு காதும் மிளகாய்ப்பழ நிறத்துக்குச் சிவந்துவிடும். மல்லிகை மொக்கில் காதை வைத்துக் கேட்டு, இது இன்றைக்கு விரியும், இது நாளைக்கு என்று பிரிப்பான். எங்கள் பூவுக்குத் திண்டுக்கல் மார்க்கெட்டில் மரியாதை கூடியது அப்படித்தான்.

அப்புறம் கேள்வி. விடிந்தால் கேள்வி, பொழுது அடைந்தால் கேள்வி. பிரியாணிக் கடைக்கு நேர் எதிரில் எதற்கு இன்னொரு பிரியாணிக் கடை? செத்தவர்களுக்கு எதற்குப் பூ, அவர்களுக்கு மூக்குதான் வேலை செய்யாதே? டவுன் பஸ்ஸில் இடம் இருக்கும்போது ஏன் படியில் தொங்குகிறார்கள்? அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "மாப்ளைக்கு வாயே கேள்வியாத்தான் முளைச்சிருக்கு" என்பாள். எனக்கு அது பிடித்திருந்தது. நான் எதையும் கேட்டுப் பழகாதவள். நானே முடிவுகட்டிக்கொள்வேன்.

போன வைகாசியில் ஊரில் அம்மன் திருவிழா சாட்டினார்கள். எங்கள் ஊரில் அம்மன் சாமிக்குக் காப்புக் கட்டும்போது, ஊரில் இருக்கிற அத்தனை பேர் கையிலும் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். படுக்கை மட்டும் ஊருக்குள்தான். ஒன்பதாம் நாள் பூசாரி அரிவாளால் காப்பை அறுத்துவிடுகிற வரைக்கும் அப்படித்தான்.

காப்புக்கு முதல் நாள் சாயங்காலம் அவன் திண்டில் உட்கார்ந்து பூக்கூடைக்குச் சணல் சுற்றிக்கொண்டிருந்தான்.

"மேகலா, வர்ற சனிக்கிழமை எங்க வண்டி வருது."

"போயிருவியா?" என்று கேட்டேன்.

"காப்புக் கட்டினா போகக்கூடாதுல்ல?"

"கூடாது."

"அப்ப எனக்கும் கட்டச் சொல்லு."

செவ்வாய்க்கிழமை வரிசையில் நின்று என் ரேகை ஓடிய கையை நீட்டினான். பூசாரி கட்டினார். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். அந்த ஒரு நாள் நான் இருந்த மாதிரி வாழ்க்கையில் என்றைக்கும் இருந்ததில்லை.

மறுநாளே என் தம்பி முகேஷ்குமார் அதைக் கெடுத்தான். அவனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. காப்புக் கட்டிய கையோடு கிளம்பினான். போகும்போது தன் நீலச் சட்டையைக் கழற்றிப் பாயில் விரித்துவைத்தான்.

"ஏலே, காப்பு கட்டிட்டு எங்கிட்டுப் போற?" என்றாள் அம்மா.

"அதான் சட்டை படுத்திருக்குல்லம்மா. செவ்வாக்கிழமை பொங்கலுக்கு வந்துருவேன்."

எங்கள் ஊரில் இது எல்லோரும் செய்வதுதான். போகவேண்டிய அவசரம் வந்தால், உடுத்தின சட்டையைப் பாயில் விட்டுவிட்டுப் போகலாம். ஆள் ஊருக்குள் படுத்திருப்பதாக அம்மன் எடுத்துக்கொள்வாள்.

சுருளிவேலுக்கு இது பெரிய அதிசயமாகப் போயிற்று. பாயைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"சட்டை இருந்தாப் போதுமா?"

"போதும்."

"அவன் திரும்பி வரலைன்னா?"

"வராம? வராதவன் சட்டையை எதுக்கு விட்டுட்டுப் போறான்?" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். நானேதான் சொன்னேன், என் வாயால்.

சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. காப்பு ஒருவனைக் கட்டிப்போடும் என்று அந்த அப்பாவி நம்பியிருந்தான். அதை எப்படித் தாண்டுவது என்று நானும் என் தம்பியுமாகச் சேர்ந்து கற்றுக்கொடுத்துவிட்டோமே. உடம்பையே சட்டை என்கிறவன் ஆயிற்றே. வியாழக்கிழமை விடிகிறவரை எனக்குத் தூக்கம் இல்லை.

அரிசி டின்னுக்குள் அவன் ஒரு கல் வைத்திருந்தான். கறுப்பாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் இருக்கும். அது என்னவென்று ஒரு தடவை கேட்டபோது, "வண்டிக்காரங்ககிட்டப் பேசுற கல்லு" என்றான். வேறு என்ன பேசுவார்கள், வா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். வியாழக்கிழமை காலையில் அவன் செடிகளுக்கு உரம் வைத்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கல்லை மடியில் கட்டிக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டேன். தண்ணீருக்குள் அவன் இறங்கமாட்டான். இனி அவனால் வண்டியைக் கூப்பிட முடியாது. என் மனசு குளிர்ந்தது.

அன்று மத்தியானம் கல்லைக் காணோம் என்றான். நானும் பதறினேன். பதறுகிற மாதிரி நடித்தேன் என்று எழுதவேண்டும், எழுதிவிடுகிறேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவனோடு சேர்ந்து தேடினேன். அரிசியை முறத்தில் கொட்டிப் புடைத்தேன். மல்லிகைச் செடி ஒவ்வொன்றின் தூரிலும் முழங்காலிட்டுத் தடவினேன். அவ்வப்போது தேடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்பான். கல் போன துக்கம் என்று நினைத்தேன். உலகத்தையே கேள்வி கேட்கிறவன் என்னிடம் மட்டும், நீ எடுத்தாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் முதல் வேலையாகப் பாயைத் தடவிப் பார்த்தேன். படுத்திருந்தான். கையில் காப்பு இருந்தது. வண்டி வந்ததோ போனதோ, என் ஆள் என்னிடம்தான் இருக்கிறான். நான் ஜெயித்துவிட்டேன்.

அன்றைக்குப் பறித்த பூவில் பாதி நாளைக்கு விரியவேண்டிய மொக்கு. மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர் முகம் சுளித்தார். கல் தொலைந்த கவலையில் கை தவறிவிட்டது என்று நானே அவனுக்காகச் சமாதானம் சொன்னேன். அம்மாவுக்கோ ஒரே குஷி. சொன்ன வேலையைச் செய்கிறான், வைத்ததைச் சாப்பிடுகிறான், வாயைத் திறப்பதே இல்லை. "இப்பத்தான்டி மனுசனா இருக்கான்" என்று என் காதில் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புளியமரத்தடியில் இரண்டு பேருமாக உட்கார்ந்து பூவை ஈரத்துணியில் கட்டிக்கொண்டிருந்தோம். அவனுடைய அமைதி என்னை அறுத்தது. இப்படி ஒருத்தனை ஏமாற்றி நிறுத்திவைத்திருக்கிறோமே என்று தாங்கமுடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"கல்லை நாந்தான் எடுத்தேன். கெணத்துல போட்டுட்டேன். நீ போயிருவேன்னு பயந்து போட்டேன். ரெண்டு நாளாத் தேடுற மாதிரி நடிச்சேன். என்னை அடிச்சாலும் சரி, மன்னிச்சிரு."

அவன் கட்டிக்கொண்டிருந்த முடிச்சை முடித்துவிட்டு நிமிர்ந்தான். "சரி" என்றான்.

அம்புட்டுத்தான். ஒரு கோபம் இல்லை, ஒரு கேள்வி இல்லை. இப்படியும் ஒரு மனசா என்று அவன் மடியில் தலையை வைத்து அழுதேன். அவன் கை என் தலையில் இருந்தது. எழுந்து போய் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். அவ்வளவு நிம்மதி.

செவ்வாய்க்கிழமை முகேஷ் வந்தான். பாயில் கிடந்த நீலச் சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனான். பொங்கல் வைத்தோம். மறுநாள் காலையில் காப்பு அறுக்கக் கோயிலுக்குக் கிளம்பும்போதுதான் என்னிடம் சொன்னான்.

"அக்கா, மச்சானுக்கு உடம்புக்கு முடியலையா? நேத்துலேருந்து ஒரு கேள்வி கேக்கல. ஆட்டோவுக்கு ஏன் மூணு சக்கரம்னு போன வாரம் என் உசுர எடுத்தாரு. அதுக்குப் பதில் சொல்லலாம்னு கேட்டுட்டு வந்தேன். சொன்னா 'ம்'ங்குறாரு."

மாங்காயும் கல் உப்பும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அவன் மோட்டார் கொட்டகைப் பக்கம் நின்றிருந்தான். வா என்று கூப்பிட்டதும் கிணற்று விளிம்புக்கே வந்து உட்கார்ந்தான், எப்போதும் நாலு அடி தள்ளி நிற்கிறவன். உள்ளங்கையில் உப்பை வைத்து நீட்டினேன். தின்றான். காதைப் பார்த்தேன். சிவக்கவில்லை.

"நீ யாரு?" என்று கேட்டேன்.

"சட்டை."



"அவன் எங்க?"

"வண்டிக்குப் போயிட்டான்."

"எப்ப?"

"சனிக்கிழமை. விடியறதுக்கு முந்தி."

"ஞாயித்துக்கிழமை நான் அழுதேனே. சரின்னு சொன்னது யாரு?"

"நான்."

"கல்லை நான் கெணத்துல போட்டது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். நீ போடயில இந்தக் கொட்டகைக்குப் பின்னாடி நின்னு பாத்தான்."

"பாத்துட்டா ரெண்டு நாள் எங்கூடத் தேடினான்?"

"ஆமா. நீயாச் சொல்லுவேன்னு பாத்தான்."

"அந்தக் கல்லு எதுக்கு? வண்டியக் கூப்பிடத்தானே?"

"வண்டி தானா வரும். இங்கயே இருந்துக்கிறேன், எனக்காக நிக்க வேணாம்னு சொல்றதுக்கு அந்தக் கல்லு."

அதன் முகத்தில் ஒன்றுமே இல்லை. என் புருஷனுடைய மூக்கு, என் புருஷனுடைய உதடு, அதே நெற்றி. என் ரேகை ஓடிய கையைத் தொடையில் வைத்துக்கொண்டு அடுத்து நான் கேட்கப் போவதற்குக் காத்திருந்தது. கேட்டிருந்தால் அதற்கும் பதில் வந்திருக்கும். அவன் ஏன் போனான், இனி என்ன செய்வான் என்று இரண்டு கேள்வி மிச்சம் இருந்தது. எனக்குத்தான் கேட்டுப் பழக்கமில்லையே. ஒரு வினாடியில் முடிவுகட்டிவிட்டேன்.

மண்ணில் முழங்கால் தேயத் தேய நான் பொய்யாகத் தேடியதை ஒருத்தன் இரண்டு நாள் நின்று பார்த்திருக்கிறான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் குதித்து எடுத்துக் கொடுத்திருப்பேன், எனக்குத்தான் நீச்சல் தெரியுமே. கேட்கவில்லை. சொல்லிக்கொள்ளவும் இல்லை. எனக்கு ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அதன் மடியில் நான் அழுதிருக்கிறேன். என்னை மன்னித்தது ஒரு சட்டை.

இரண்டு கையையும் அதன் நெஞ்சில் வைத்துக் கிணற்றுக்குள் தள்ளினேன்.

அது எதையும் பிடித்துக்கொள்ளவில்லை, கத்தவும் இல்லை. விழுந்த சத்தம் சின்னதாகத்தான் வந்தது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அரிசி களைந்த மாதிரி வெளுத்தது, கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. வேட்டியும் மஞ்சள் கயிறும் மட்டும் மிதந்தன. படியில் இறங்கிப் போய்க் கயிற்றை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

கோயிலில் கொட்டு கேட்டது. காப்பு அறுக்கிற நேரம் ஆகிவிட்டது. போகாமல் இருந்தால் தேடி வருவார்கள் என்று போனேன். அம்மா வரிசையில் எனக்கும் அவனுக்கும் சேர்த்து இடம் பிடித்து நின்றாள்.

"மாப்ள எங்கடி?"

"போயிட்டான்."

"காப்பு அவுக்காமயா?"

"சட்டையை விட்டுட்டுப் போயிருக்கான்" என்றேன். எப்படி அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. பொய்யும் இல்லை.

அம்மா முகத்தில் இருந்த பதற்றம் அப்படியே வடிந்துவிட்டது. "எங்க போயிருக்கான்?"

"அவுங்க ஆளுகளைப் பாக்க."

"என்னவாம் இப்ப திடுதிப்புன்னு?"

"அவுங்ககிட்ட ஒரு சேதி சொல்ல வேண்டியிருந்துச்சு. இங்கயே..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். கல் இருந்தால் கல் சொல்லியிருக்கும். கல் இல்லாதவன் நேரில் போய்த்தான் சொல்லவேண்டும். இது எனக்கு அங்கே, பூசாரியின் அரிவாளுக்கு நாலு ஆள் முன்னால் நிற்கும்போதுதான் உறைத்தது.

"சேதி சொல்லத்தானே போயிருக்கான்? அதுக்கா மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்க?" என்றாள் அம்மா. "வந்துருவான்டி. வராதவன் சட்டையை எதுக்கு விட்டுட்டுப் போறான்? அதை எடுத்துப் பத்திரமா வையி. எங்க போட்டுட்டுப் போயிருக்கான்?"

பூசாரி என் பெயரைக் கூப்பிட்டார். நான் கையை நீட்டவில்லை. முந்தானைக்குள் ஈரக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையிலிருந்து விலகி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் கையில் இருக்கிற காப்பு இன்னமும் அப்படியேதான் இருக்கிறது. ஒரு ராத்திரிகூட நான் வெளியூரில் படுத்ததில்லை. மாப்பிள்ளை எப்போது வருவார் என்று ஊரில் கேட்கிறார்கள், வருவார் என்கிறேன். என்னை ஏமாற்றிவிட்டான் என்றுதான் இப்போதும் எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சில நாள் விடிகாலையில் பூப் பறிக்கும்போது வரப்புப் பக்கம் காற்றே இல்லாமல் ஒரு செடி மட்டும் அசைகிறது. நான் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். அது அவனாகவே இருந்தாலும், எடுத்துப் போட்டுக்கொள்ள இங்கே ஒன்றும் இல்லை.